மோல் கணக்கில் விடை தப்பினால்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள் கொண்ட அளவு. மோல் கணக்கில் சறுக்கும் இடங்கள் ஏழெட்டுதான். ஒவ்வொரு சறுக்கலும் விடையில் தனக்கென்று ஒரு தடத்தை விட்டுவிட்டுப் போகும். எனவே விடை தப்பியதும் கணக்கை மறுபடி முதலிலிருந்து போடாதீர்கள். போட்டால் பெரும்பாலும் அதே தவற்றை அதே இடத்தில் செய்வீர்கள். முதலில் உங்கள் விடையையும் சரியான விடையையும் அருகருகே எழுதி இரண்டு எண்களைக் கண்டுபிடியுங்கள்: கழித்தால் என்ன வருகிறது, வகுத்தால் என்ன வருகிறது. மூலக்கூறு நிறை கூட்டல் கணக்கு. அங்கே நடந்த பிழையைக் கழித்து வந்த எண் காட்டிக்கொடுக்கும். மற்ற எல்லாம் பெருக்கல், வகுத்தல். அங்கே நடந்த பிழையை வகுத்து வந்த எண் காட்டிக்கொடுக்கும்.

இங்கே பயன்படுத்தும் அணு நிறைகள்: ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, சோடியம் 23, மெக்னீசியம் 24.3, அலுமினியம் 27, கந்தகம் 32, குளோரின் 35.5, கால்சியம் 40, இரும்பு 55.85, தாமிரம் 63.5.

## அறிகுறி 1: மூலக்கூறு நிறையே பொருந்தவில்லை

### வித்தியாசம் மிகச் சிறியது

சோடியம் குளோரைடுக்கு உங்களுக்கு 58.5, புத்தகத்தில் 58.44. இது பிழையே அல்ல. அணு நிறையை எத்தனை தசம இடம் வரை எடுத்தார்கள் என்பதில் வந்த வேறுபாடு. ஆனால் குளோரினையும் தாமிரத்தையும் மட்டும் முழு எண்ணாக்காதீர்கள். குளோரினை 35 என்று எடுத்தால் கார்பன் டெட்ராகுளோரைடு 154-க்குப் பதில் 152 ஆகிவிடும். நான்கு குளோரின், ஒவ்வொன்றிலும் அரை, ஆக 2 குறையும்.

### விடை ஏறக்குறையப் பாதியாக வருகிறது

அணு நிறைக்குப் பதில் அணு எண்ணைக் கூட்டியிருப்பீர்கள். கால்சியம் கார்பனேட்டுக்கு 100 வர வேண்டிய இடத்தில் 20 + 6 + 24 = 50 வரும். நீருக்கு 18-க்குப் பதில் 10 வரும். ஹைட்ரஜனுக்கு இரண்டு எண்ணும் 1 என்பதால் ஹைட்ரஜன் உள்ள சேர்மங்களில் விடை பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக நிற்கும். தனிம அட்டவணைக் கட்டத்தில் முழு எண்ணாக இருப்பது அணு எண், தசமத்தோடு இருப்பது அணு நிறை. சில அட்டவணைகளில் அணு எண் மேலே, சிலவற்றில் கீழே. இடத்தைப் பார்க்காமல் தசமப் புள்ளியைப் பாருங்கள்.

சரியாகப் பாதி, பொருளும் ஒரு தனிம வாயு என்றால் வேறு காரணமும் இருக்கலாம். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின் ஆகிய வாயுக்களும், திரவமான புரோமினும், திண்மமான அயோடினும் ஈரணு மூலக்கூறுகள். "ஆக்சிஜன் வாயு" என்று கேட்டால் 32; "ஆக்சிஜன் அணு" என்று கேட்டால் 16.

### வித்தியாசம் 1, 16, 17, 32 போன்ற பழகிய எண்

அடைப்புக்குறிதான் காரணம். இதில் தப்பாத மாணவரைப் பார்ப்பது அரிது. கால்சியம் ஹைட்ராக்சைடில் ஒரு கால்சியம், அடைப்புக்குறிக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், வெளியே 2. சரியான நிறை 40 + 32 + 2 = 74. தப்பியவர்களின் விடைகள் இப்படி அமையும்:

- 73 வந்தால் வித்தியாசம் 1. வெளியே நின்ற 2 ஆக்சிஜனை மட்டும் பெருக்கியது, ஹைட்ரஜன் விடுபட்டது.
- 58 வந்தால் வித்தியாசம் 16. ஹைட்ரஜனை மட்டும் பெருக்கியது, ஆக்சிஜன் விடுபட்டது.
- 57 வந்தால் வித்தியாசம் 17. அந்த 2 கண்ணிலேயே படவில்லை.
- 114 வந்தால் வித்தியாசம் 40. அந்த 2 கால்சியத்தையும் சேர்த்துப் பெருக்கிவிட்டது.

அலுமினியம் சல்பேட்டில் இதே பிழை பெரிய எண்களாக வரும். அலுமினியம் 2, அடைப்புக்குறிக்குள் கந்தகம் 1, ஆக்சிஜன் 4, வெளியே 3. சரியான நிறை 54 + 96 + 192 = 342. உங்களுக்கு 278 வந்தால் வித்தியாசம் 64, அதாவது இரண்டு கந்தகம்: 3 ஆக்சிஜனுக்கு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. 150 வந்தால் வித்தியாசம் 192, அதாவது இரண்டு முழு சல்பேட் தொகுதிகள்.

சரியான விடை கையில் இல்லையென்றால் நிறையைக் கூட்டும் முன் அணுக்களை மட்டும் எண்ணி ஒரு வரி எழுதுங்கள்: "அலுமினியம் 2, கந்தகம் 3, ஆக்சிஜன் 12, மொத்தம் 17." அதன் பிறகே நிறைகளை எடுங்கள். எண்ணுவதையும் பெருக்குவதையும் ஒரே வரியில் செய்வதால்தான் இந்தப் பிழை பிழைத்துக் கிடக்கிறது.

### படிக நீர் உள்ள உப்பில் மட்டும் தப்புகிறது

மயில்துத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தாமிர சல்பேட்டோடு ஐந்து நீர் மூலக்கூறுகள். வாய்பாட்டில் நடுவே நிற்கும் புள்ளி கூட்டல் குறியாக வேலை செய்கிறது, பெருக்கல் குறியாக அல்ல. 159.5 + 5 × 18 = 249.5.

14355 வந்தால் புள்ளியைப் பெருக்கலாகப் படித்திருக்கிறீர்கள். 177.5 வந்தால் முன்னே நிற்கும் 5-ஐ விட்டிருக்கிறீர்கள். 185.5 வந்தால் அந்த 5 ஹைட்ரஜனை மட்டும் பெருக்கியிருக்கிறது: 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன், ஆக 26. நீருக்கு முன்னால் உள்ள எண் நீர் முழுவதற்கும் உரியது.

### சரியாக 2 அல்லது 3 மடங்கு

சமன்பாட்டில் முன்னால் நிற்கும் கெழுவை மோலார் நிறைக்குள் (ஒரு மோலின் நிறை, கிராமில்) இழுத்துவிட்டீர்கள். "2 நீர்" என்று சமன்பாட்டில் இருந்தாலும் நீரின் மோலார் நிறை 18 தான், 36 ஆகாது. கெழுவுக்கு வேலை அறிகுறி 5-இல் வரும் விகிதத்தில் மட்டும்.

## அறிகுறி 2: நிறை சரி, மோல் எண்ணிக்கை தப்பு

9 கிராம் நீரில் 9 ÷ 18 = 0.5 மோல். உங்களுக்கு 162 வந்தால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியிருக்கிறீர்கள். தப்பான விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள்: 324, அதாவது 18-இன் வர்க்கம். எந்தப் பொருளானாலும் சரி, விகிதம் மோலார் நிறையின் வர்க்கமாக வந்தால் காரணம் இதுதான். உங்களுக்கு 2 வந்தால் தலைகீழாக வகுத்திருக்கிறீர்கள்.

விடை இல்லாமலே சோதிக்க: கிராமில் கொடுத்த நிறை மோலார் நிறையைவிடக் குறைவென்றால் மோல் 1-க்குக் குறைய வேண்டும். 9 கிராம் 18-ஐவிடக் குறைவு, ஆகவே 2 என்பது வரவே முடியாது.

நிறையை மேலேயும் மோலையும் மோலார் நிறையையும் கீழேயும் எழுதிய முக்கோணத்தை மனப்பாடம் செய்யும் பழக்கம் பல இடங்களில் உண்டு. பதற்றத்தில் முக்கோணமே தலைகீழாகிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதுவது அதைவிடப் பாதுகாப்பானது. கிராமை "கிராம்/மோல்"-ஆல் வகுத்தால் மோல் மிஞ்சும். பெருக்கினால் "கிராம் வர்க்கம்/மோல்" என்று அர்த்தமற்ற ஏதோ ஒன்று நிற்கும்.

விடை 1000 மடங்கு கூடவோ குறையவோ இருந்தால் மில்லிகிராமையோ கிலோகிராமையோ மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள். வேறு எதையும் தேட வேண்டாம்.

## அறிகுறி 3: துகள் எண்ணிக்கை விபரீதமாக வருகிறது

அவகாட்ரோ எண் 6.022 × 10²³ என்று எடுத்தால் போதும். 2019 முதல் இது 6.02214076 × 10²³ என்று துல்லியமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. எனவே உங்கள் பிழைக்கு அந்த எண்ணைக் குறைசொல்ல வழியில்லை.

### சரியாக 10 மடங்கு கூடுதல்

கணிப்பானில் நடந்தது. 6.022 அடித்து, பெருக்கல் குறி, 10, பிறகு அடுக்குப் பொத்தான், 23 என்று அடித்திருப்பீர்கள். அடுக்குப் பொத்தானிலேயே "பெருக்கல் பத்து" அடங்கியிருக்கிறது. 6.022, அடுக்குப் பொத்தான், 23. அவ்வளவுதான்.

### அடுக்கு 45, 46 என்று ஏறிவிட்டது

துகளிலிருந்து மோலுக்கு வரும்போது நடப்பது. 3.011 × 10²³-ஐ 6.022 × 10²³-ஆல் வகுத்தால் 0.5. அடைப்புக்குறி போடாமல் வரிசையாக அடித்தால் கணிப்பான் முதலில் 6.022-ஆல் வகுத்து, பிறகு 10²³-ஆல் பெருக்கி 5 × 10⁴⁵ என்று காட்டும். வகுக்கும் எண்ணை முழுவதும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அல்லது அடுக்குப் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

### சிறு முழு எண் மடங்கில் தப்புகிறது

கேள்வி கேட்டது அணுவையா மூலக்கூறையா என்று மறுபடி படியுங்கள். 4.4 கிராம் கார்பன் டைஆக்சைடு 0.1 மோல். மூலக்கூறுகள் 6.022 × 10²². மொத்த அணுக்கள் அதைப்போல் மூன்று மடங்கு, 1.807 × 10²³. ஆக்சிஜன் அணுக்கள் மட்டும் என்றால் இரண்டு மடங்கு, 1.204 × 10²³. மூன்றும் சரியான எண்களே. கேட்டது எது என்பதுதான் விஷயம்.

விடை 1-க்குக் கீழே, அதாவது 10-இன் அடுக்கு எதிர்க்குறியாக வந்தால் பெருக்குவதற்குப் பதில் வகுத்திருக்கிறீர்கள். அரை மூலக்கூறு என்று ஒன்று இல்லை.

## அறிகுறி 4: வாயுவின் பருமனில் தப்புகிறது

- 1.3 சதவீதம் வித்தியாசம்: நீங்கள் எடுத்தது 22.4 லிட்டர், விடை எழுதியவர் எடுத்தது 22.7 லிட்டர். 0 டிகிரி செல்சியசில் 1 வளிமண்டல அழுத்தம் என்றால் 22.4, 1 பார் அழுத்தம் என்றால் 22.7. உங்கள் பாடநூல் எந்த அழுத்தத்தைத் திட்ட நிலை என்கிறது என்று பார்த்து அதையே வைத்துக்கொள்ளுங்கள்.
- 9 சதவீதம் வித்தியாசம்: 25 டிகிரியில் நடந்த வினைக்கு 22.4 போட்டுவிட்டீர்கள். அங்கே 1 வளிமண்டலத்தில் ஒரு மோல் 24.5 லிட்டர் இருக்கும்.
- 11, 12 மடங்கு: வாயுச் சமன்பாட்டில் வெப்பநிலையைச் செல்சியசிலேயே விட்டிருக்கிறீர்கள். 27 டிகிரி என்றால் 300 கெல்வின், 300 ÷ 27 = 11.1. செல்சியஸ் எதிர்க்குறியில் இருந்தால் மோலும் எதிர்க்குறியாக வந்து தானே மாட்டிக்கொள்ளும்.
- சுமார் 100 மடங்கு: வாயு மாறிலி அலகோடு ஒட்டவில்லை. வளிமண்டலமும் லிட்டரும் என்றால் 0.0821, கிலோபாஸ்கலும் லிட்டரும் என்றால் 8.314.
- சில நூறு மடங்கு, நீரில் 1000 மடங்குக்கும் மேல்: பொருள் வாயுவே அல்ல. 0 டிகிரியில் எத்தனாலும் புரோமினும் திரவங்கள். திரவ நீர் ஒரு மோல் 18 மில்லிலிட்டர்தான், 22.4 லிட்டர் அல்ல. திரவத்துக்குப் பருமன் கொடுத்தால் அடர்த்தியால் பெருக்கி நிறையாக்கி, பிறகு மோலுக்குப் போங்கள்.

## அறிகுறி 5: வினைவிளைபொருளின் நிறை பொருந்தவில்லை

### விகிதம் 2, 3, 1.5 போன்ற எளிய எண்

சமன்பாடு சமன் செய்யப்படவில்லை, அல்லது சமன் செய்தும் கெழுவைப் பயன்படுத்தவில்லை. ஒரு மோல் நைட்ரஜனிலிருந்து இரண்டு மோல் அம்மோனியா, 34 கிராம். உங்களுக்கு 17 வந்தால் அந்த 2 விடுபட்டிருக்கிறது.

### விகிதம் 4, 9, 2.25 போன்ற வர்க்க எண்

கெழுக்களைப் பயன்படுத்தினீர்கள், தலைகீழாக. ஒரு மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும். ⅓ என்று எழுதினால் 9 மடங்கு தப்பும். தேடும் பொருளின் கெழு எப்போதும் மேலே, தெரிந்த பொருளின் கெழு கீழே.

### இரண்டு வினைபடுபொருள்களின் நிறையும் கொடுத்த கணக்கில் மட்டும் தப்புகிறது

வினைக்கட்டுப்பாட்டுக் காரணியை, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருளை, தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். கிராமில் குறைவாக இருப்பது எது என்று பார்த்தாலும் தப்பும், மோலில் குறைவாக இருப்பது எது என்று பார்த்தாலும் தப்பும். ஒவ்வொன்றின் மோலையும் அதன் கெழுவால் வகுத்து, குறைவாக வருவது எது என்று பார்க்க வேண்டும்.

28 கிராம் நைட்ரஜன், 4 கிராம் ஹைட்ரஜன். மோலில் 1, 2. கெழுவால் வகுத்தால் நைட்ரஜன் 1 ÷ 1 = 1, ஹைட்ரஜன் 2 ÷ 3 = 0.67. மோல் அதிகம் இருந்தும் முதலில் தீர்வது ஹைட்ரஜன்தான். அம்மோனியா 2 × 0.667 = 1.333 மோல், 22.67 கிராம். நைட்ரஜனை வைத்துப் போட்டவருக்கு 34 கிராம் வரும். போட்டது மொத்தம் 32 கிராம். 34 எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விதான் இங்கே நம்பகமான சோதனை. வினைவிளைபொருளையும் மிஞ்சிய வினைபடுபொருளையும் கூட்டினால் போட்ட மொத்த நிறைக்குச் சமமாக வர வேண்டும். மிஞ்சிய நைட்ரஜன் ⅓ மோல், 9.33 கிராம். 22.67 + 9.33 = 32. பொருந்துகிறது. விளைபொருள் மொத்த நிறையைத் தாண்டவில்லை என்பதோடு மட்டும் நிற்காதீர்கள். தப்பான விடை சில சமயம் தாண்டாமலும் இருக்கும். மிஞ்சியதையும் கணக்கிட்டுக் கூட்டினால்தான் சோதனை முழுமை.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். 4.86 கிராம் மெக்னீசியமும் 2.4 கிராம் ஆக்சிஜனும். மெக்னீசியம் 0.2 மோல், அதற்கு 0.1 மோல் ஆக்சிஜன் வாயு வேண்டும், இருப்பதோ 2.4 ÷ 32 = 0.075. ஆக்சிஜன்தான் கட்டுப்படுத்துகிறது. மெக்னீசியம் ஆக்சைடு 0.15 மோல், 6.05 கிராம். இங்கே ஆக்சிஜனை 32-க்குப் பதில் 16-ஆல் வகுத்தவருக்கு 0.15 மோல் கிடைத்து, ஆக்சிஜன் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். 8.06 கிராம் என்று எழுதுவார். பிழை நடந்தது அறிகுறி 1-இல், தெரிந்தது அறிகுறி 5-இல்.

### கணக்கு சரி, ஆய்வகத்தில் கிடைத்த நிறை வேறு

குறைவாகக் கிடைத்தால் இயல்பு: வடிதாளிலும் முகவையிலும் ஒட்டியது, கரைசலிலேயே தங்கியது. கூடுதலாகக் கிடைத்தால் பெரும்பாலும் ஈரம். சூடாக்கி, ஈரம் நீக்கும் கலத்தில் ஆறவைத்து, எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சூடான புடக்குகையைத் தராசில் வைத்தால் மேலெழும் காற்று அதன் எடையைக் குறைத்துக் காட்டும்; அவசரப்படாதீர்கள்.

## அறிகுறி 6: எளிய விகித வாய்பாட்டில் முழு எண் வரவில்லை

இரும்பு 69.94 சதவீதம், ஆக்சிஜன் 30.06 சதவீதம். மோல் 1.252, 1.879. சிறியதால் வகுத்தால் 1, 1.5. இதை 1, 2 என்று முழுதாக்கினால் வாய்பாடு கெட்டது. 2-ஆல் பெருக்கி 2, 3 என்று எழுதுங்கள். .33 அல்லது .67 வந்தால் 3-ஆல், .25 அல்லது .75 வந்தால் 4-ஆல் பெருக்குங்கள். 1.98, 3.02 போன்றவற்றை மட்டும் முழுதாக்கலாம்.

1.46 போல எதிலும் சேராத எண் வந்தால் இடைப்படியில் அவசரமாக முழுதாக்கியிருக்கிறீர்கள். மேலே உள்ள மோல்களை 1.3, 1.9 என்று சுருக்கினால் இதேதான் வரும். நான்கு இலக்கம் வைத்திருங்கள். அதற்கும் சரிவரவில்லையென்றால் சதவீதங்களைக் கூட்டிப் பாருங்கள். 100-க்குக் குறைந்தால் மீதி பெரும்பாலும் ஆக்சிஜன். கேள்வியில் அதைச் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

## அறிகுறி 7: கரைசலின் செறிவு எதிர்பார்த்தபடி இல்லை

1000 மடங்கு தப்பு. மில்லிலிட்டரை லிட்டராக்கவில்லை.

செறிவு சற்றுக் குறைவு. 250 மில்லிலிட்டர் நீரை அளந்து அதில் உப்பைப் போட்டிருப்பீர்கள். முதலில் குறைந்த நீரில் உப்பைக் கரைத்து, அளவுக் குடுவைக்கு மாற்றி, குறி வரை நீர் ஊற்ற வேண்டும். மோலாரிட்டியில் (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல்) கணக்கு கரைசலின் பருமனுக்குத்தான், ஊற்றிய நீரின் பருமனுக்கு அல்ல.

செறிவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, பொருள் மயில்துத்தம். நீரற்ற உப்பின் நிறையைக் கணக்கிட்டு, நீலப் படிகத்தை எடைபோட்டிருக்கிறீர்கள். 250 மில்லிலிட்டர் 0.1 மோலார் கரைசலுக்குப் படிகம் 6.24 கிராம் வேண்டும். 3.99 கிராம் போட்டால் செறிவு 0.064 தான். புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மோலார் நிறையைப் படித்துவிட்டே எடைபோடுங்கள்.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தப்பு. 37 சதவீதம், அடர்த்தி 1.19 என்றால் செறிவு ஏறக்குறைய 12 மோலார். 32.6 வந்தால் சதவீதத்தை மறந்தீர்கள், 10.1 வந்தால் அடர்த்தியை மறந்தீர்கள். நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், புகைக் கூண்டுக்குள், கண்ணாடி அணிந்து.

எல்லாம் சரி, தரம்பார்த்தலில் (செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரியவைத்து மற்றதன் செறிவை அளப்பதில்) மட்டும் ஒத்துவரவில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் வியப்பில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். எடையை வைத்து அதன் செறிவை நம்பக் கூடாது. உலர்ந்த பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டைக் கொண்டு தரப்படுத்தி, அதில் வரும் செறிவையே குறித்துக்கொள்ளுங்கள். அதன் மோலார் நிறை 204.2, ஒரு மோலுக்கு ஒரு மோல் காரம்.

## எப்போது நிறுத்திவிட்டு மற்றவரிடம் போவது

அணுக்களின் பட்டியல், அலகுகள், மொத்த நிறைச் சோதனை மூன்றும் பொருந்தியும் புத்தக விடை வேறாக இருந்தால், அதே கணக்கைப் போடாத இன்னொருவரிடம் கேள்வியை மட்டும் கொடுங்கள். உங்கள் விடையைக் காட்டாதீர்கள். அவருக்கும் உங்கள் எண்ணே வந்தால் விடைப்பட்டியலில் அச்சுப் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். இருவரின் வேலையையும் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.

ஆய்வகத்தில், தரப்படுத்திய பிறகும் அடுத்தடுத்த மூன்று அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்து, கணக்கிலிருந்து மட்டும் ஒரே பக்கமாக விலகினால் கணக்கை விட்டுவிடுங்கள். முதலில் புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அடுத்து, அறிந்த எடைக்கல்லைத் தராசில் வைத்துப் பாருங்கள். அதுவும் தப்பாகக் காட்டினால் தராசை நீங்களாகத் திருத்த வேண்டாம். ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லி அளவுத்திருத்தத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தராசில் முன்பு எடுத்த எடைகளுக்குப் பக்கத்திலும் ஒரு குறி போட்டுவையுங்கள்.